வரவுப் புத்தகத்தின் முதல் பக்கம்

கம்பளக் கடை மூடி இரண்டு வருடம்.
சாவியைத் தந்த நகரசபை ஆள்
கூரை ஒழுகும் இடங்களை
விரலால் காட்டிவிட்டுப் போனான்.
இடம் ஏழு. எங்களிடம் வாளி நான்கு.
கிரீனக்கில் மழையும்
வாடகையில் சேர்த்திதான் என்றாள் செங்கா.

'வீட்டுச் சாமான் வீசவேண்டாம், தாருங்கள்' என்று
சலவைக்கடைக் கண்ணாடியில் ஒட்டினோம்.
ஊருக்குத் தாராள மனது.
தந்தது அலமாரி.
மறுநாளும் அலமாரி.
நீள்வட்டக் கண்ணாடி, சிங்கக்கால்,
செத்துப்போனவரின் கோட்டு வாசனை.
ஒன்பது உருப்படி
சுவரை ஒட்டி நின்றன,
அழைக்காமல் வந்த சம்பந்தி வீட்டார் போல.

கேட்டு வந்தவர் ஒருவரும்
அலமாரி கேட்கவில்லை.
உள்ளே தொங்கவிட என்ன இருக்கிறது அவர்களிடம்?
விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வைத்திருந்தேன்:
இப்போது எதன்மேல் தூங்குகிறீர்கள்?
காற்றடைத்த மெத்தை.
அக்காள் வீட்டுச் சோபா.
கோட்டு.
ஒருவர் 'பரவாயில்லை' என்று எழுதியிருந்தார்.
பரவாயில்லைக்கு
என் பட்டியலில் கட்டம் இல்லை.

மூன்றாம் வாரம் வந்தது அந்தச் சோபா.
பாசிப்பச்சை வெல்வெட்.
ஃபெர்கஸ் மல்லாந்து படுத்து
எனக்குச் சம்பளம் வேண்டாம், இதைத் தாருங்கள் என்றான்.
அவனுக்குச் சம்பளமே கிடையாது.
யூனா மட்டும் மண்டியிட்டு
அடித்துணியைத் தடவிக்கொண்டிருந்தாள்.
எளிதில் தீப்பிடிக்காது என்று சொல்லும் சீட்டு
இருக்கவேண்டிய இடத்தில்
கத்தரித்த நூல் இரண்டு.
யாருக்கோ கெண்டைக்காலில் உறுத்தியிருக்கும்.
ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை,
ஒரு நகவெட்டி.

சீட்டில்லாத சோபாவை
விற்கக்கூடாது, சும்மாவும் கொடுக்கக்கூடாது.
சட்டம்.
சட்டம் சொல்வதும் சரிதான்,
அதனால்தான் இன்னும் கோபம்.

கோடாலியை யார் எடுப்பது என்று
முதலில் டீ குடித்தோம்.
இரண்டாம் கோப்பைக்குப் பிறகு செங்கா எடுத்தாள்.
வயிறு கிழிந்து கொட்டியது:
சீப்பு, பென்சில் துண்டு,
புள்ளியே இல்லாத டோமினோ ஒன்று,
சில்லறையாக
நான்கு பவுண்டு முப்பத்தேழு பென்ஸ்.
வரவு என்று எழுதினேன்.
முதல் பக்கம், முதல் வரி.
தந்தவர் பெயர் என்ற இடத்தில்
'சோபா'.

எலும்பு நல்ல எலும்பு.
பீச் மரம், பூச்சி தொடவில்லை.
செம்ஹாருக்கென்று வந்திருந்த கட்டிலில்
குறுக்குச் சட்டம் நான்கு குறைவு.
நீளப் பலகை இரண்டைப் பாதியாய் அறுத்தான் ஃபெர்கஸ்.
கணக்கு சரியாக வந்தது,
வாழ்க்கையில் எனக்கு அப்படி வந்ததில்லை.

லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி.
படி திரும்புகிற இடத்தில்
கட்டிலின் தலைப்பலகை சிக்கிக்கொண்டது.
மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.
எதிர்க்கதவு திறந்தது.
செருப்போடு ஒரு கிழவர், லாக்லன் என்று கதவில் பெயர்.
யார், எதற்கு என்று கேட்கவில்லை.
"செங்குத்தாய் நிறுத்து. இடது கையைத் தாழ்த்து.
போன மாதம் இந்த வழியாகத்தான்
ஒரு சிங்கக்காலை இறக்கினேன்."

கட்டிலைப் பூட்டி முடித்ததும்
ஒரு மரையாணி மிஞ்சியது.
எப்போதும் ஒன்று மிஞ்சும்.
செம்ஹார் ஒவ்வொரு சட்டமாய்
உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வந்து
ஒன்றில் நின்றாள்.
இது வேறு மரமா?
ஆமாம் என்றேன். கதையைச் சொல்ல வாயெடுத்தேன்.
உள்ளே குழந்தை அழுதது, போய்விட்டாள்.

அவள் கேட்டிருந்தது ஒரு நாற்காலி.
வேனில் இரண்டு இருந்தன.
தப்பாக ஏற்றிவிட்டேன் என்றாள் செங்கா,
ஒன்றைக்கூடத் திருப்பி எடுக்காமல்.

கடையில் இன்னும் எட்டு அலமாரி நிற்கிறது.
ஒன்பதாவதைப் பக்கவாட்டில் சாய்த்து
மேசையாக்கிக்கொண்டோம்.
அதன்மேல்தான் கணக்கு எழுதுகிறேன்.
கண்ணாடி
என் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.
வாளி நிரம்பும் சத்தம்.
அலமாரி வேண்டுமா உங்களுக்கு?
நாங்களே கொண்டுவந்து தருவோம்.